ஒரு மீட்டர் தண்ணீர்

பைக்கால் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிறுத்தலாம் என்று ரஷ்ய அரசு 2001-ல் ஓர் ஆணை போட்டது. கடல்மட்டத்துக்கு மேல் 456 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, 457-ஐத் தாண்டக் கூடாது. ஆணையின் சாரம் அவ்வளவுதான். பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சைபீரியாவில் கிடக்கும் அந்த ஏரி மேல் எனக்குப் பிடிப்பு வந்ததற்கு அதன் அழகு காரணமல்ல, இந்த ஒற்றை மீட்டர்தான். ஏரி என்றதும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது முழு நீர்மட்டம் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்றுதானே?

கொள்ளளவு சுமார் 23,600 கன கிலோமீட்டர். நம் கணக்கில் 8 லட்சத்து 30 ஆயிரம் டி.எம்.சி. ததும்ப நிறைந்த மேட்டூர் அணைகள் 8,900 வேண்டும். நிலத்தின் மேல் உறையாமல் இருக்கும் உலக நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில் கிடக்கிறது. ஆழம் 1,642 மீட்டர், வயது இரண்டரைக் கோடி ஆண்டு. உள்ளே வருவது முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகள். வெளியே போவது அங்காரா ஒன்றுதான். 1950-களில் அந்த அங்காராவின் குறுக்கே, இர்கூத்ஸ்க் நகரத்தருகே, மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள். ஏரி மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறியது. அன்றிலிருந்து பைக்காலுக்கும் மதகு உண்டு, மதகைத் திறக்க ஆளும் உண்டு.

ஒரு மீட்டர்தானே என்று தோன்றலாம். ஏரியின் பரப்பு 31,500 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு மீட்டர் என்பது 1,100 டி.எம்.சி.

என்னோடு வேலை பார்த்த, மதகு திறக்கும் லஸ்கர் ஒருவர் மாலையில் டீக்கடைக்கு வருவார். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, "ஐ.நா.வே ஏரியப் பாத்துக்குதுன்னு சொல்றீங்களே சார், அப்புறம் யாரு அதுல கை வைக்க முடியும்?" என்றார்.

"ஷட்டர் சாவி ஐ.நா.கிட்ட இல்லையேப்பா" என்றேன்.

ஐ.நா.வின் கிளையான யுனெஸ்கோ 1996-ல் பைக்காலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயற்கை இடங்களுக்கு நான்கு தகுதிகள் வைத்திருக்கிறார்கள். நான்குமே பைக்காலுக்குப் பொருந்தின. நன்னீரிலேயே வாழும் நெர்பா என்ற சீல் உட்பட, அங்குள்ள உயிரினங்களில் பாதிக்கும் மேல் வேறெங்கும் இல்லாதவை. பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த நாடு அறிக்கை அனுப்ப வேண்டும், யுனெஸ்கோவின் கமிட்டி படித்துக் கேள்வி கேட்கும், தேவைப்பட்டால் குழு அனுப்பி நேரில் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் 'ஆபத்தில் உள்ளவை' என்ற தனிப் பட்டியலில் போடலாம். பணமும் கவனமும் வரட்டும் என்று அமெரிக்கா தானே கேட்டு 2010-ல் தன் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை அதில் சேர்க்க வைத்தது. ரஷ்யாவோ அதை அவமானமாக நினைக்கிறது. பைக்கால் இதுவரை அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

அப்படியானால் இந்த ஏற்பாட்டால் என்ன பயன்? 2006-ல் ஒரு எண்ணெய்க் குழாயைக் கரையிலிருந்து 800 மீட்டர் தூரத்தில்கூடக் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தது டிரான்ஸ்நெஃப்ட் நிறுவனம். நிலநடுக்கம் வரும் பூமி அது. இர்கூத்ஸ்கில் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள், யுனெஸ்கோவும் எதிர்த்தது. ஏப்ரல் மாதம் தோம்ஸ்க் நகரில் நடந்த கூட்டத்தில் புதின் ஒரு பேனாவை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார், குழாய் வடக்கே விலகிப் போனது. கோடு போட்டவரைப் புகழ்ந்தார்கள். என் பார்வையில், உள்ளூரில் சத்தம், வெளியூரிலிருந்து கடிதம், இரண்டும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததுதான் வேலை செய்தது. அந்தப் போராட்டத்தில் முன்நின்ற மரீனா ரிக்வனோவாவுக்கு 2008-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அவருடைய 'பைக்கால் அலை' அமைப்பை 2015-ல் 'வெளிநாட்டு ஏஜெண்ட்' என்று அரசு முத்திரை குத்த, அது கலைந்துபோனது. 2023-ல் கிரீன்பீஸும் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பும் ரஷ்யாவில் 'வேண்டாத அமைப்புகள்' ஆயின. வெளியூர்க் கடிதம் இன்னும் வருகிறது. உள்ளூர்ச் சத்தம்தான் அடங்கிவிட்டது.

மங்கோலியா விவகாரம் இதைவிடச் சிக்கலானது. பைக்காலுக்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, மங்கோலியாவில் பிறக்கும் செலெங்கா ஆற்றுடையது. அதில் ஷூரென் என்ற இடத்திலும், அதன் துணையாறான எக் ஆற்றில் இன்னொரு இடத்திலும் மின்அணை கட்ட மங்கோலியா விரும்பியது. அவர்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. குளிர்காலத்தில் உலான்பாத்தர் நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறுகிறது. பற்றாக்குறை மின்சாரத்தை ரஷ்யாவிடம் வாங்க வேண்டும். அணை கட்டாதே என்று ரஷ்யா சொல்லும்போது அதில் ஏரிமேல் அக்கறை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று மங்கோலியர்கள் கேட்கமாட்டார்களா?

இங்கே பிடி கிடைத்தது பணத்தில். ஷூரென் ஆய்வுக்கு உலக வங்கி கடன் கொடுத்திருந்தது. அந்த வங்கியிலேயே புகார் விசாரிக்கும் குழு ஒன்று உண்டு. 2015-ல் இரு நாட்டு மக்களும் அதனிடம் மனுக் கொடுத்தார்கள். அதன்பின் ஏரிக்கரை ஊர்களில் கூட்டம் போட்டு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டியதாயிற்று. எக் ஆற்று அணைக்கு வரவிருந்த சீனக் கடனும் நின்றது. பேச்சு அவ்வப்போது தலைதூக்கினாலும் ஷூரென் அணை இன்று வரை எழவில்லை. எந்தத் தீர்மானத்தையும்விடக் கடன் பத்திரத்தின் நிபந்தனைக்கு வலு அதிகம் என்பதை உத்தியோக காலத்திலேயே பார்த்தவன் நான். வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலை என்றால் எங்கள் கோப்புகள்கூடக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்.

மங்கோலிய அணையைத் தடுக்க யுனெஸ்கோவைத் துணைக்கு அழைத்த அதே ரஷ்யா, தன் மதகு விஷயத்தில் என்ன செய்தது? 2014-ல் மழை பொய்த்தது. ஏரி 456-க்குக் கீழே போனது. அடுத்து அரசு அந்த ஒரு மீட்டரையே தளர்த்தி, 455.54 முதல் 457.85 வரை போகலாம் என்று அனுமதி கொடுத்தது. ஒரு மீட்டர் 2.31 மீட்டர் ஆகிவிட்டது. மட்டம் ஏறினால் கரையோரக் கிராமங்களின் மணல் அரிக்கிறது, செலெங்கா கழிமுகத்தில் பறவைக் கூடுகள் மூழ்குகின்றன. இறங்கினாலோ ஓரத்துக் கற்களில் முட்டையிடும் சிறுமீன்கள் பாழ். அவற்றைத் தின்னும் ஓமுல் மீனுக்கும் அடி. கீழே அங்காராவில் குடிநீர் எடுக்கும் ஊர்களுக்கோ அணையிலிருந்து நீர் குறையக் கூடாது. நம் ஊரிலும் ஏரி உள்வாயில் பயிர் வைத்தவர் தண்ணீரை இறக்கு என்பார், ஆயக்கட்டுக்காரர் ஏற்று என்பார். இந்த வழக்கைத் தீர்க்காத பாசனப் பொறியாளர் எந்த நாட்டிலும் இருக்க மாட்டார். நாம் அளவுகோலைக் காட்டி வாயை அடைப்போம். அங்கே அளவுகோலையே மாற்றிவிட்டார்கள். யுனெஸ்கோ கமிட்டி பலமுறை கேட்டது, பாதிப்பை ஆராய்ந்து சொல்லுங்கள் என்று. கேட்க மட்டும்தான் அதற்கு முடியும்.

கேட்பதற்கும் கையில் கணக்கு வேண்டும். இந்த ஏரிக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். மிகயில் கோஷவ் என்ற பேராசிரியர், உலகப் போர் முடிந்த 1945-ல், பல்ஷியே கோத்தி என்ற கரையோரச் சிற்றூரிலிருந்து ஏரிக்குள் ஒரே இடத்துக்குப் போய் வெப்பநிலை எடுக்கவும் தண்ணீர் மொண்டு பார்க்கவும் தொடங்கினார். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை. அவருக்குப் பின் மகள் ஓல்கா, அவருக்குப் பின் பேத்தி லுபோவ் இஸ்மெஸ்தியேவா. சோவியத் யூனியன் உடைந்து சம்பளம் ஒழுங்காக வராத ஆண்டுகளிலும் அது நிற்கவில்லை. மேரியன் மூர், ஸ்டெஃபனி ஹாம்ப்டன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தோடு சேர்ந்து அந்த ஏடுகளைப் புரட்டி 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய, இவ்வளவு குளிர்ந்த ஏரி சூடேறாது என்ற நம்பிக்கை அதில் உடைந்தது: மேல்மட்டத் தண்ணீர் 1946-க்குப் பிறகு 1.21 டிகிரி சூடேறியிருந்தது. பருவநிலை பற்றி மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் அந்தப் பாட்டனுக்கும் பேத்திக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்.

கடைசியாக பைக்கால்ஸ்க் என்ற ஊர். விமானச் சக்கர டயருக்கான உயர்தர இழை செய்ய, அப்பழுக்கில்லாத தண்ணீர் வேண்டும் என்று ஏரியின் தென்கரையிலேயே 1966-ல் காகிதக்கூழ் ஆலை தொடங்கினார்கள். எழுத்தாளர் வாலந்தீன் ரஸ்பூதின் முதல் யுனெஸ்கோ வரை பலர் எதிர்த்தும், அது 2013-ல்தான் மூடியது. மூடியதில் எதிர்ப்பைவிட ஆலையின் கடனுக்கே பங்கு அதிகம். ஆலை போய்விட்டது; அதன் கழிவான லிக்னின் சகதி 60 லட்சம் டன்னுக்கு மேல் குட்டைகளில் அப்படியே கிடக்கிறது. அகற்றும் ஒப்பந்தம் கைமாறிக் கைமாறி இப்போது ரோசாட்டம் நிறுவனத்தின் வசம். குட்டைகளுக்கு மேலே கமார் தபான் மலை. பெருமழையில் அங்கிருந்து சேறும் பாறையும் இறங்கிய வரலாறு உண்டு. குட்டைகளுக்குக் கீழே நேராக ஏரி.