டாக்டர் லீவு... ஊசி போடுவது யார்?

காய்ச்சலில் துடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடுகிறார் தாய். வழக்கமான டாக்டர் இல்லை. "அவர் ஊருக்கு போயிருக்காரும்மா, வர பத்து நாள் ஆகும். இவர்தான் பார்க்கிறாரு" என்கிறார் டோக்கன் கொடுப்பவர். உள்ளே புதுமுகம். இவர் டாக்டரா, கம்பவுண்டரா? கேட்கத் தயங்கி கையை நீட்டுபவர்களே அதிகம்.

டாக்டர் வீட்டிலும் கல்யாணம், காதுகுத்து வரும். அப்போது நோயாளிகளை அம்போ என்று விடாமல் வேறு டாக்டரை அமர்த்திவிட்டுப் போவது நல்ல காரியம்தான். இங்கிலாந்தில் இப்படி வருபவருக்கு 'லோக்கம்' என்று பெயர். நம்மூரில் எம்.பி.பி.எஸ். முடித்து மேல்படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் இளம் டாக்டர்கள் பலர் நாள் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு வருகிறார்கள்.

விதி என்ன?

2002-ம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதிகளில் இதற்கென்றே தனி விதி உண்டு. கூடுதல் பொறுப்பைச் சுமக்க முடிந்தால்தான் மாற்று டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய டாக்டர் திரும்பியதும் நோயாளிகளை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், ரசீதிலும் இருந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே?

சம்பளத்தை மிச்சம் பிடிக்க கம்பவுண்டரையே ஊசி, மருந்து எழுத விடும்போதுதான் வம்பு. பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனும் தனியார் கிளினிக்கில் தனியாக வைத்தியம் பார்க்கக் கூடாது. பதிவு பெறாதவர் வைத்தியம் பார்த்தால் 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய சட்டப்படி 1 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

நீங்க என்ன செய்யணும்?

வந்தவர் நிஜ டாக்டராகவே இருந்தாலும் உங்கள் உடம்பு அவருக்குப் புதுசு. பழைய சீட்டு, சாப்பிடும் சுகர், பிரஷர் மாத்திரைகளை கையோடு கொண்டு போங்க. ஏதாவது ஊசி ஒத்துக்காதுன்னா முதலிலேயே சொல்லிடுங்க. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் மருந்து அளவு. எடை எத்தனைன்னு தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சீட்டில் இருப்பது ஊருக்குப் போன டாக்டரின் கையெழுத்தா, எதிரில் இருப்பவரின் கையெழுத்தா என்று பாருங்க. "சார், உங்க பேரு, பதிவு எண்?" என்று தயங்காமல் கேளுங்க. முறையாகப் படித்தவர் மறைக்க மாட்டார். தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தில் அந்தப் பேரைத் தேடிப் பார்க்கலாம். மழுப்பினால் ஊசிக்கு கையை நீட்டாமல் எழுந்து வந்து, மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.