வைஃபை வரலையா? முதல்ல விளக்கைப் பாருங்க!

காலை 10 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. 9.50-க்கு வைஃபை போய்விடுகிறது. பதற்றத்தில் பலரும் ரவுட்டரின் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்திவிடுவார்கள். அந்த 'ரீசெட்' செட்டிங்ஸ் மொத்தத்தையும் அழித்துவிடும். அப்புறம் ஆள் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.

முதலில் விளக்குகளைக் கவனியுங்கள். ஃபைபர் இணைப்பில் 'எல்.ஓ.எஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால், சிக்னல் ரவுட்டருக்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வயர் எங்காவது மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. வயர் நன்றாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் வெளியேதான். உடனே புகார் செய்துவிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரியவில்லையா? ஸ்விட்ச்சை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் சீராக எரிய சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி அணைக்க வேண்டாம். ஒரே ஒரு போனில் மட்டும் நெட் வரவில்லை என்றால், பிரச்னை அநேகமாக அந்த போனில்தான். பாஸ்வேர்டு தெரிந்தால், வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மீண்டும் இணையுங்கள்.

இன்டர்வியூ நேரம் நெருங்கிவிட்டதா? மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து அதை முடியுங்கள். ரவுட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!