'சம்' எங்கே போனது?

நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் திகைத்து நிற்கும் ஓர் இடத்தைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

பைத்தான் மொழியில் 'இஃப்', 'ஃபார்', 'வைல்' போன்ற 35 சொற்கள் மொழிக்கே ஒதுக்கப்பட்டவை. அவற்றை நாம் பெயராக வைத்தால் நிரல் ஓடவே தொடங்காது. கண்டிப்புதான், ஆனால் பிழை அங்கேயே தெரிந்துவிடுகிறது.

தொல்லை தருவது இன்னொரு கூட்டம். எண்களைக் கூட்டித் தரும் 'சம்', பட்டியல் அமைக்கும் 'லிஸ்ட்' ஆகியவை மொழியோடு வந்தவை, ஆனால் காவல் இல்லாதவை. மாணவர் ஒருவர் 'சம்' என்று பெயரிட்டு, அதில் 0 வைத்து மதிப்பெண்களைக் கூட்டுகிறார். விடையும் சரியாக வருகிறது. ஐம்பது வரி தள்ளி, அதே 'சம்'மிடம் வேறொரு பட்டியலைக் கூட்டச் சொன்னால், எண்ணை அழைக்க முடியாது என்று பிழை காட்டுகிறது! ஒப்படைப்புக்கு முந்தைய இரவில் இதைத் தேடுவது கொடுமை. பிழை காட்டும் வரியில் தவறே இருக்காது.

பைத்தான் ஒரு பெயரைத் தேடும்போது நாம் வைத்ததை முதலில் பார்க்கும், தன்னுடையதைக் கடைசியில்தான் பார்க்கும். பழைய 'சம்' அழியவில்லை, நம் பெயருக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே என்கிறீர்களா? 2018இல் 3.7ஆம் பதிப்பு 'எசிங்க்' என்ற சொல்லை ஒதுக்கியதும், அதைச் சாதாரணப் பெயராக வைத்திருந்த நிரல்கள் நின்றுபோயின. அதனால்தானோ என்னவோ, 2021இல் வந்த 'மேட்ச்' முழுதாகப் பூட்டப்படவில்லை. இடத்தைப் பார்த்து மொழி பொருள் கொள்கிறது.

இன்னொன்று: பைத்தான் 3 தமிழ் எழுத்துகளையும் ஏற்கும். 'மொத்தம்' என்று பெயர் வைத்தால் மோதலே இல்லை.