விந்தணு உருவாக்கமும் மரபணுக்களும்: ஒய் குரோமோசோம் நுண்நீக்கம் குறித்து அறிய வேண்டியவை

விந்துப் பரிசோதனையில் விந்தணுக்கள் இல்லை என்றோ, மிகக் குறைவாக உள்ளன என்றோ தெரியவரும்போது, அதற்கான காரணம் என்ன என்ற கேள்வியே முதலில் எழுகிறது. சிலருக்கு அதற்கான விடை அவர்களின் மரபணுக்களில் உள்ளது. அவ்வாறான காரணங்களுள் முக்கியமான ஒன்றான ஒய் குரோமோசோம் நுண்நீக்கம் பற்றியும், அதன் பரிசோதனை முடிவு உங்கள் சிகிச்சையை எவ்வாறு மாற்றும் என்பது பற்றியும் இப்பக்கம் விளக்குகிறது.

விந்தணு எவ்வாறு உருவாகிறது?

விரைகளில் உள்ள நுண்ணிய குழாய்களின் உட்சுவரில் விந்தணுக்களுக்கான மூல செல்கள் அமைந்துள்ளன. இவை பருவ வயது முதல் தொடர்ந்து பெருகுகின்றன. பின்னர் குன்றல் பகுப்பு என்னும் சிறப்பு வகைப் பிரிவின் மூலம் செல்லின் 46 குரோமோசோம்கள் 23 ஆகக் குறைகின்றன. இறுதியில் ஒவ்வொரு செல்லும் வால் பெற்று விந்தணுவாக உருமாறுகிறது. இதற்கு மனிதரில் ஏறத்தாழ இரண்டரை மாதங்களும், சுண்டெலியில் ஏறத்தாழ 35 நாட்களும் ஆகின்றன. எனவே, இன்று கொடுக்கும் விந்து மாதிரி கடந்த சில மாதங்களின் உடல்நிலையைக் காட்டுகிறது. கடுமையான காய்ச்சலுக்குப் பின் எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையலாம் என்பதால், ஒரே ஒரு பரிசோதனையைக் கொண்டு முடிவுக்கு வரக் கூடாது.

இதில் மரபணுக்களின் பங்கு என்ன?

விந்தணு உருவாக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பல மரபணுக்கள் நெறிப்படுத்துகின்றன. கருவில் விரைகள் உருவாகத் தூண்டும் எஸ்.ஆர்.ஒய் மரபணு ஒய் குரோமோசோமில் உள்ளது. இது 1990-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. விந்தணு உருவாக்கத்துக்கான மரபணுக்கள் பிற குரோமோசோம்களிலும் உள்ளன. குன்றல் பகுப்புக்குத் தேவையான டெக்ஸ் 11 என்னும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. டாஸ்எல் என்னும் மரபணு மனிதரின் 3-ஆம் குரோமோசோமில் உள்ளது. இம்மரபணு செயலிழந்த சுண்டெலிகள் மலட்டுத்தன்மை அடைகின்றன. இதனுடன் நெருங்கிய தொடர்புடைய டாஸ் மரபணு மனிதரின் ஒய் குரோமோசோமில் பல படிகளாக அமைந்துள்ளது. சுண்டெலியில் டாஸ் மரபணு இல்லை.

ஒய் குரோமோசோம் நுண்நீக்கம் என்றால் என்ன?

ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் விந்தணு உருவாக்கத்துக்கு இன்றியமையாத பகுதி ஒன்று உள்ளது என்பது 1976-ஆம் ஆண்டிலேயே முன்மொழியப்பட்டது. இப்பகுதி ஏ.இசட்.எஃப் எனப்படுகிறது. இங்கு ஒரே மாதிரியான மரபுத் தொடர்கள் பலமுறை திரும்பத் திரும்ப வருகின்றன. செல் பிரியும்போது இத்தொடர்கள் ஒன்றோடொன்று தவறாக இணைந்து, இடைப்பட்ட துண்டு இழக்கப்படலாம். இந்த இழப்பே நுண்நீக்கம் ஆகும்.

பெரும்பாலும் இது தந்தையிடம் இல்லாமல் மகனிடம் புதிதாகத் தோன்றுகிறது. உணவுப் பழக்கமோ வேறு எந்தச் செயலோ இதற்குக் காரணமன்று. பொதுவாக, இது ஆண்மைத் தோற்றத்தையோ தாம்பத்திய உறவுக்கான திறனையோ பாதிப்பதில்லை. எனவே, குழந்தைக்காக முயலும்வரை பலருக்கும் இது தெரிவதில்லை.

மூன்று பகுதிகளும் அவற்றின் விளைவுகளும்

• ஏ பகுதி: இது முழுமையாக நீங்கினால், குழாய்களில் விந்தணு மூல செல்களே இருப்பதில்லை. அறுவை சிகிச்சையின் மூலம் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு இல்லை எனலாம்.

• பி பகுதி: இது முழுமையாக நீங்கினால், விந்தணுவின் வளர்ச்சி இடையிலேயே நின்றுவிடுகிறது. இங்கும் விந்தணு கிடைக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு.

• சி பகுதி: இதுவே மிகுதியாகக் காணப்படும் வகை. டாஸ் மரபணு இப்பகுதியில் உள்ளது. சிலருக்கு விந்துவிலேயே குறைந்த அளவு விந்தணுக்கள் இருக்கும். விந்துவில் இல்லாதவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையின் மூலம் விரையிலிருந்து விந்தணு எடுக்க இயலும்.

யாருக்குப் பரிசோதனை தேவை?

அடைப்பு எதுவும் இன்றி விந்துவில் விந்தணுக்கள் முற்றிலும் இல்லாதவர்களுக்கும், மிகக் குறைவாக உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பார். வழக்கமாகக் கையிலிருந்து எடுக்கப்படும் இரத்தமே இதற்குப் போதுமானது. நுண்நீக்கம் மிகச் சிறியது என்பதால், குரோமோசோம்களை நுண்ணோக்கியில் காணும் வழக்கமான சோதனையில் இது பெரும்பாலும் தெரியாது. பி.சி.ஆர் முறையிலேயே கண்டறியப்படுகிறது. எனினும், ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை போன்ற பிற காரணங்களை அறிய, குரோமோசோம் சோதனையும் உடன் செய்யப்படுகிறது.

அறுவை சிகிச்சைக்கு முன்னரே இப்பரிசோதனையைச் செய்துகொள்வது மிக முக்கியம். ஏ அல்லது பி பகுதி முழுமையாக நீங்கியிருப்பது தெரிந்தால், பயன் தராத அறுவை சிகிச்சையையும் அதற்கான செலவையும் வலியையும் தவிர்க்கலாம்.

சிகிச்சை வழிகள்

இழந்த மரபணுவை ஈடுசெய்யும் மருந்து தற்போது இல்லை. எண்ணிக்கையை உயர்த்தும் என விளம்பரப்படுத்தப்படும் பொடிகளும் மாத்திரைகளும் இதனைச் சரிசெய்யா. டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள் விந்தணு உருவாக்கத்தை மேலும் குறைப்பவை என்பதால், குழந்தைக்காக முயல்வோர் அவற்றைத் தாமாகப் பயன்படுத்தக் கூடாது.

சி பகுதி நீங்கியவர்களுக்கு, கிடைக்கும் விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை உதவலாம். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை காலப்போக்கில் குறையக்கூடும். எனவே, விந்துவில் விந்தணு உள்ளவர்கள் அதனை உறைநிலையில் சேமித்து வைப்பது பற்றி மருத்துவரிடம் தாமதமின்றிக் கேட்டறியவும். விந்தணு கிடைக்காத நிலையில், விந்தணு தானம், தத்தெடுத்தல் ஆகிய வழிகளைத் தம்பதியர் இருவரும் கலந்து பேசி முடிவு செய்யலாம்.

பிறக்கும் குழந்தைக்கு இது வருமா?

தந்தையின் ஒய் குரோமோசோம் மகன்களுக்கு மட்டுமே செல்கிறது. ஆகவே, இம்முறையில் பிறக்கும் மகனுக்கு இந்நுண்நீக்கம் செல்லும். அவர் வளர்ந்தபின் இதே குறைபாட்டை எதிர்கொள்ள நேரிடலாம். மகள்களுக்கு இது செல்வதில்லை. சிகிச்சையைத் தொடங்கும் முன் மரபணு ஆலோசனை பெறுவது இதனாலேயே அவசியமாகிறது.

குடும்பத்தினர் கவனத்திற்கு

குழந்தை இல்லாத நிலைக்குப் பெண்ணையே காரணமாகக் கருதும் வழக்கம் தவறானது. விந்துப் பரிசோதனை எளிமையானது. மனைவிக்குப் பல சோதனைகள் செய்யும்வரை அதனைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு எதுவாயினும் எவரையும் பழிக்கவோ இழிவுபடுத்தவோ கூடாது. மனச்சோர்வு நீடித்தால் மனநல ஆலோசனை பெறவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• எந்தப் பகுதி நீங்கியுள்ளது? முழுமையாகவா, ஓரளவா?
• விந்தணு கிடைக்கும் வாய்ப்பு எனக்கு எந்த அளவு உள்ளது?
• இப்போதே விந்தணுவைச் சேமித்து வைக்க வேண்டுமா?
• மரபணு ஆலோசனையை எங்கு பெறலாம்?

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.