எண்ணிட்ட கற்கள்

ஏட்டைப் பேணுவது போல வீட்டையும் பேணலாமா? பேணலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு.

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003), பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு வீடு கட்டினார். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் விறாந்தைகள், அறைகள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. நகர நெருக்கடிக்குள்ளும் வெளிச்சமும் காற்றும் மழையும் வீட்டுக்குள் வந்துபோக அது வழிசெய்தது.

2009இல் அக்காணி கைமாறிற்று. இடிபடவிருந்த வீட்டின் கற்கள், தூண்கள், ஓடுகள் எண்ணிடப்பட்டுக் கழற்றப்பட்டன. பெந்தோட்டைக்கு அருகே, பாவா 1948இல் வாங்கிச் சோலையாக்கிய பழைய இறப்பர்த் தோட்டமான லுணுகங்கையில், பல ஆண்டுப் பணியின் பின் அவ்வீடு மீண்டும் எழுந்தது. நாமும் சென்று பார்க்கலாம்.

கித்துல்கலத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். அம்முற்றத்தில் நின்றபோது, இடிக்கப்பட்ட எங்கள் லயமே நினைவில் வந்தது. ஒடுங்கிய காம்பரா, பேணத்தக்க வீடென்று அதனைச் சொல்லமாட்டேன். அதன் கற்களுக்கு எவரும் எண்ணிடவுமில்லை. ஆயினும், அதன் இஸ்தோப்பில் அமர்ந்து அப்பாயி சொன்ன கதைகள் அழியலாமா? இப்போது என் மாணவர்களைத் தத்தம் அப்பாயிமாரிடம் அனுப்பி, கேட்டதை எழுதிவரச் சொல்கிறேன். நாங்கள் இடும் எண்கள் அவையே.