சாம்பார் சாதத்துக்கு ஒரு பெட்டி

"பெட்டி செய்வதற்குக்கூடவா ஒரு டிசைனர்?" என்று என்னைக் கேட்காத உறவினர் கிடையாது. சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக 1992ல் செகந்திராபாத் வந்து இறங்கியவன் நான். அன்று முதல் பாலாநகரில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழிற்கூடங்களில்தான் வேலை. மருந்துப் பெட்டி, சோப்புப் பெட்டி, மிட்டாய்ப் பெட்டி எல்லாம் வரைந்தாயிற்று. சில வருஷங்களாக என் மேஜைக்கு அதிகம் வருவது ஓட்டல் பார்சல் பெட்டிகள். "உங்கள் தொழிலைப் பற்றி எழுதுங்களேன்" என்று நம் இதழின் ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். அட்டையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பிரியாணியிலும் சாம்பாரிலும் போய்த்தான் நிற்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கலை பிறந்ததே ஒரு விபத்தில்தான். 1879ல் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சுக்காரர் ராபர்ட் கெயர் விதைப் பைகள் அச்சிட்டுக்கொண்டிருந்தபோது, மடிப்புக் கோடு போடவேண்டிய உலோகத் தகடு இடம் நழுவிப் பைகளை வெட்டிவிட்டது. மற்றவராயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அவரோ, வெட்டுவதையும் மடிப்புக் கோடு போடுவதையும் ஒரே அழுத்தில் செய்யலாமே என்று பிடித்துக்கொண்டார். பாலாநகரில் இன்றும் நாங்கள் செய்வது அதுவே. பிளைவுட் பலகையில் எஃகுப் பட்டைகளை வளைத்துப் பதிக்கிறோம். கூரான பட்டை வெட்டும். மழுங்கிய பட்டை மடிப்புக் கோடு போடும். இதற்கு 'டை' என்று பெயர்.

1894ல் சிகாகோவின் ஃபிரெடரிக் வில்காக்ஸ் என்பவர் இன்னொரு பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரச் சிப்பிகளை வீட்டுக்கு எடுத்துப்போக ஏற்பட்ட பாத்திரம் அது. ஒரே தாள், மூலைகளில் வெட்டு கிடையாது, மடிப்பு மட்டுமே. மழைத் தண்ணீரில் நாம் விட்ட காகிதக் கப்பல் ஏன் ஒழுகவில்லையோ, அதே காரணத்தால் அதுவும் ஒழுகவில்லை. பிற்பாடு அமெரிக்காவின் சீன ஓட்டல்கள் அதை எடுத்துக்கொண்டன. சினிமாவில் நடிகர்கள் குச்சிகளை வைத்துக்கொண்டு நூடுல்ஸ் தின்பது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

நிற்க. நம் ஊருக்கு வருவோம்.

ஹைதராபாத்தில் பார்சல் என்றால் பிரியாணிதான். 1953ல் சினிமாக் கொட்டகையை ஒட்டிய சிறு ஓட்டலாகத் தொடங்கிய செகந்திராபாத் பாரடைஸிலிருந்து, ஆர்.டி.சி. சாலை முக்கில் கூட்டம் முண்டும் பாவர்ச்சி வரை, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறவர்களே எத்தனை பேர்! ஆனால் பெட்டி செய்கிறவனுக்குப் பிரியாணி சுலபமான பொருள் அல்ல. தம் போட்டு இறக்கிய சோற்றைச் சுடச்சுடப் பெட்டியில் அடைத்து மூடினால், உள்ளே இன்னொரு தம் நடக்கிறது. ஆவி மேலே போய் மூடியில் முட்டி, தண்ணீராகிச் சொட்டுகிறது. உதிரி உதிரியாய் இருந்த பாசுமதி, வீடு போய்ச் சேர்வதற்குள் குழைந்துவிடும். சமையல்காரர் மேல் தப்பில்லை. ஆவிக்கு வழி விடவில்லை, அவ்வளவுதான்.

வழி விட்டால் போதுமா, எங்கே விடுவது? மூடியின் நடுவில் துளை போட்டால், மேலே இன்னொரு பெட்டியை வைத்ததும் அடைத்துக்கொள்ளும். பக்கச் சுவரில், மூடிக்குச் சற்றே கீழே, நீளவாக்கில் சிறு கீறலாக விடவேண்டும். அதையும் மூலைக்கு அருகில் விடக்கூடாது. மேலே அடுக்கும் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது மூலைகள்தாம்.

இதெல்லாம் பெரிய ஓட்டல்களின் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். நம்மவர் ஒருவருக்கு இது ஜீவனப் பிரச்சினையாக வந்தது.

பத்மாராவ் நகரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். கணவருக்குப் பக்கவாதம் வந்து வேலை போனபின், வீட்டுச் சமையலறையிலேயே சாம்பார் சாதம், தயிர் சாதம், புளியோதரை செய்து பார்சலாக விற்க ஆரம்பித்தார். கைமணம் அப்படி. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தொடங்கி, ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள்வரை ஆர்டர் வந்தது. பேகம் பஜாரில் மொத்தமாக வாங்கிய ரெடிமேட் அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார். அங்கேதான் வந்தது வினை.

"தம்பி, சாதம் போய்ச் சேருது. சாம்பார் பாதி வழியிலேயே இறங்கிடுது" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஒரே வாரத்தில் நாலு ஆர்டருக்குப் பணம் பிடித்திருந்தார்கள். பெட்டி ஒழுகினால் வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பப் போய்விடும், இழப்பு சமைத்தவருடையது. இரண்டு பெண்களில் மூத்தவள் கல்லூரியில். இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனால் அடுப்பை அணைக்கவேண்டியதுதான் என்ற நிலை.

அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். பிரியாணிக்கோ நூடுல்ஸுக்கோ செய்தது. மூலைகளை வெட்டிப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். உலர்ந்த சாதத்துக்கு அது போதும். சாம்பார் சாதமோ அடியில் தண்ணீர் விடும், சூடும் அதிகம். சூட்டில் பசை இளகி, வெட்டிய ஓரம் வழியாக ஈரம் ஏறுகிறது. அட்டையின் முகத்துக்கு என்னதான் பூச்சு இருந்தாலும், வெட்டுவாயில் நார் திறந்தே கிடக்கும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும்.

ஆகவே முதல் தீர்மானம்: அடியிலும் மூலையிலும் வெட்டே கூடாது. நாலு மூலையும் வில்காக்ஸ் பாணியில் உள்ளே மடிந்து, வெளிச்சுவரோடு ஒட்டவேண்டும். பசை விழும் இடம் சாப்பாட்டைத் தொடாது. இரண்டாவது: அட்டையின் நார் ஓடும் திசை. மூங்கில் பாயை ஒரு பக்கமாய்ச் சுருட்டலாம், மறுபக்கம் விறைக்கும் அல்லவா? அட்டைக்கும் அதே குணம். பெட்டியின் நீளவாக்கில் நார் ஓடும்படி வெட்டினால், நடுவில் பிடித்துத் தூக்கும்போது அடி தொங்காது. இப்படித் திருப்பி வெட்டினால் ஒரு ஷீட்டில் ஓரிரு பெட்டி குறையலாம். முதலாளிமார் முகம் சுளிப்பார்கள். நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவதாக அளவு. சாம்பார் சாதத்துக்கு ஒன்று, தயிர் சாதத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டி கேட்டார் அக்கா. ஒவ்வொன்றுக்கும் தனி டை, தனிச் செலவு. சிறு வியாபாரத்தைக் கொல்வது இதுதான். ஒரே 750 மில்லி பெட்டியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆவி நிற்க மேலே ஒரு விரற்கடை காலியிடம். தயிர் சாதம் கனம், புளியோதரை லேசு. எடை மாறினாலும் கொள்ளளவு அதேதான். வெளியே நாலு வண்ணத்தில் பெரிய கோலமும் கோபுரமும் வேண்டும் என்று பெண்கள் இருவரும் ஆசைப்பட்டார்கள். ஒரே வண்ணத்தில் புள்ளிக் கோலமாக முடித்துவிட்டோம். சாப்பாடு படும் உட்புறத்தில் ஒரு பொட்டு மைகூடக் கிடையாது.

மாதிரிகளைக் கையால் வெட்டி அக்காவின் சமையலறையிலேயே சோதித்தோம். 250 ஜி.எஸ்.எம்., 300, 350 என்று மூன்று கனத்தில். (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம்.) கொதிக்கக் கொதிக்க நிரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி, வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் ஒரு மணி நேரம் வைத்தோம். பிறகு சின்னப் பெண் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வாராசிகூடா வரை போய்த் திரும்பினாள். அந்தச் சாலையின் பள்ளங்களைத் தாண்டிப் பிழைக்கும் பெட்டி எங்கும் பிழைக்கும். 300 தாங்கியது. 350க்குக் காசு கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

இனி உட்பூச்சு. வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. "பிளாஸ்டிக் இல்லை, பேப்பர்தான்" என்று சொல்லி விற்கும் பெட்டிகளிலும் காகிதக் கோப்பைகளிலும் பெரும்பாலானவற்றின் உள்ளே மெல்லிய பாலிதீன் படலம் உண்டு. ஈரத்தைத் தடுப்பது அதுதான். காகிதமாக மறுபடி அரைப்பதையும் அதுதான் தடுக்கிறது. சந்தேகமிருந்தால் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து இரவெல்லாம் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் காகிதம் கூழாகும்; கண்ணாடி மாதிரி ஒரு தோல் தனியே உரிந்து வந்தால் அது பாலிதீன்.

மாற்று இல்லாமல் இல்லை. பத்ராசலம் ராமரைத் தரிசிக்கப் போகிறவர்கள், கோதாவரிப் பாலம் ஏறுவதற்கு முன் சாரபாகாவில் ஒரு பெரிய ஆலையைப் பார்த்திருப்பீர்கள். 1979ல் உற்பத்தி தொடங்கிய பத்ராசலம் பேப்பர்போர்ட்ஸ் அது. 2002ல் தாய்க் கம்பெனியான ஐ.டி.சி.யோடு இணைந்தது. இந்தப் பிரிவின் தலைமை அலுவலகம் நம் செகந்திராபாத்திலேயே இருக்கிறது. பாலிதீனுக்குப் பதிலாக மறுசுழற்சிக்கு ஏற்ற பூச்சுள்ள அட்டைகளை 'ஃபிலோ' என்ற வரிசையில் அவர்கள் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் டி.என்.பி.எல்., 2016ல் திருச்சி மாவட்டம் மொண்டிப்பட்டியில் அட்டை ஆலை திறந்தது. ஆக, அட்டைக்குப் பஞ்சமில்லை, விலைதான் பிரச்சினை. ஒரு பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடினாலும், நாளைக்கு ஐம்பது பார்சல் போடும் அக்காவுக்கு மாதக் கடைசியில் அது கேஸ் சிலிண்டர் காசு. ஒரே அளவுப் பெட்டி, ஒரே வண்ணம் என்று மிச்சம் பிடித்ததை எல்லாம் நல்ல பூச்சில் போட்டோம்.

அரசாங்கம் 1.7.2022 முதல் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவற்றைத் தடை செய்தது. மிட்டாய்ப் பெட்டியின்மேல் சுற்றும் படலமும் அதில் அடக்கம். மூடி போட்ட கறுப்பு டப்பாக்கள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அவற்றின் ராஜ்யம் தொடர்கிறது.

இன்னொரு தடை நம் வீடுகளுக்கே சம்பந்தப்பட்டது. 2018ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புப் பொதிவிதிகள், செய்தித்தாளில் உணவைச் சுற்றக்கூடாது என்கின்றன. அச்சு மையிலுள்ள எண்ணெயும் சாயமும் சூட்டிலும் எண்ணெய்ப் பசையிலும் உணவுக்குள் இறங்கும். அப்படியிருந்தும் வடையைச் செய்தித்தாளில் அமுக்கி எண்ணெய் எடுக்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை! உட்புறம் சாம்பல் நிறமாய் இருக்கும் மலிவு அட்டையும் பழைய செய்தித்தாள் போன்ற கழிவுக் காகிதத்தை அரைத்துச் செய்ததுதான். மிட்டாய்க் கடைக்காரர் அதில் பட்டர் பேப்பர் விரிப்பது அழகுக்கு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: எண்ணெய் ஊறாமலிருக்கக் காகிதத்தில் சேர்த்துவந்த ஃபுளோரின் கலந்த ஒருவகை ரசாயனங்கள் இனி அங்கே உணவுக் காகிதத்துக்கு விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இத்தனையும் படித்துவிட்டு "வாழை இலையே மேல்" என்பீர்கள். எனக்கும் அதுதான் அபிப்பிராயம். இலையின்மேல் இயற்கையாகவே மெழுகு. அனலில் வாட்டினால் ஒடியாமல் மடிகிறது; அட்டைக்கு மடிப்புக் கோடு செய்வதை இலைக்கு அனல் செய்கிறது. பொட்டலத்தின் மடிப்பிடுக்கு வழியே ஆவி தானே போய்விடும். தெலுங்கர்களின் விஸ்தரி புரச இலையில் தைத்தது. நம் மந்தாரை இலைக்குச் சொந்தக்காரன். ஆனால் வாடின இலையை முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு பையன் பைக்குள் போட்டுக் குலுக்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே புளியோதரைக்குப் பெட்டிக்குள் ஒரு இலைத் துண்டு விரிக்கச் சொன்னேன். மணத்துக்கு மணம், எண்ணெயும் அட்டையைத் தொடாது.

பெட்டி வந்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஒழுகியதாகப் பணம் பிடித்தது அதன்பின் ஒரே முறை. அதுவும் மேலே வைத்த இன்னொரு கடையின் குளிர்பானம் கவிழ்ந்ததால். ரசத்துக்கும் பெட்டி கேட்டார் அக்கா. முடியாது என்று சொல்லிவிட்டேன். ரசம் காகிதத்துக்கு உரிய சரக்கு அல்ல. பக்கத்துத் தெருக்காரர்கள் தூக்குச் சட்டியோடு வந்தால் ஐந்து ரூபாய் குறைவு என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் எவர்சில்வர் தூக்குகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம்.

"சரி தம்பி, ரசம் வேண்டாம். வெண்பொங்கலுக்காவது சின்னதா ஒண்ணு வரைஞ்சு குடுங்க, மார்கழிக்குள்ள வேணும்" என்கிறார் இப்போது. நெய் அதிகம் விடுகிற கை அது. 350 ஜி.எஸ்.எம். அட்டையையே எடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.