பூனைக்குச் சுகர் என்று முடிவுகட்டும் முன்

வயதான பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர மறுக்கிறது. கிண்ணம் காலியானால் குளியலறை வாளியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு குடிக்கிறது. போட்டதையெல்லாம் தின்றும், தடவிக்கொடுக்கும் கைக்கு முதுகெலும்பு தட்டுப்படுகிறது. ஒருவராவது சுகர் மாத்திரை போட்டுக்கொள்ளும் வீடாக இருந்தால், 'இதுக்கும் சுகர் வந்துடுச்சு போல' என்ற தீர்ப்பு வர அதிக நேரம் ஆகாது. சந்தேகம் நியாயமானதுதான். ஏழெட்டு வயதைத் தாண்டி, எடை கூடி, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளுக்கு, அதிலும் கருத்தடை செய்த கடுவன்களுக்கு, இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. ஆனால் மனிதச் சுகரைப் பற்றிய நம் வீட்டு ஞானம் சந்தேகப்படுவதற்குத்தான் உதவும். அதன் பிறகும் அதையே பிடித்துக்கொண்டால் பூனைக்குக் கெடுதல்.

முதல் தடுமாற்றம் ரத்தப் பரிசோதனையிலேயே தொடங்குகிறது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருக்கவைத்து, நாலு கைகள் அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுத்தால், நீரிழிவே இல்லாத பூனைக்கும் சர்க்கரை 300 மில்லிகிராமைத் தாண்டலாம். பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. எனவே அந்த ஒற்றை எண்ணை வைத்து இன்சுலின் தொடங்குவது அபாயம். இதைத் தெளிவுபடுத்த ஃப்ரக்டோசமைன் என்றொரு பரிசோதனை உண்டு. மனிதர்களுக்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரியைப் போல, முந்தைய ஓரிரு வாரங்களில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது காட்டும்; அன்றைய பயம் அதைப் பாதிக்காது. இன்னொரு சிக்கல், தாகமும் மெலிவும் நீரிழிவுக்கு மட்டுமே உரியவை அல்ல. சிறுநீரகம் தளர்ந்த கிழப்பூனையும் அப்படித்தான் குடிக்கும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் பூனை வெறிகொண்டு தின்றும் இளைக்கும். இந்த இரண்டும் வயதான பூனைகளிடம் சர்வசாதாரணம். சில சமயம் ஒன்றோடொன்று சேர்ந்தும் வரும்.

அதனால்தான், மருத்துவரிடம் கொண்டுபோகும் ரத்தத்துக்கு இணையான மதிப்பு வீட்டில் எடுத்த குறிப்புகளுக்கும் உண்டு என்கிறேன். காலையில் அளந்து ஊற்றிய தண்ணீரில் மறுநாள் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். நாலு கிலோ பூனை ஒரு நாளில் 200 மில்லிக்கு மேல் குடித்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. மணல் தட்டில் அள்ளும் கட்டிகள் பெரிதாகிக்கொண்டே போகின்றனவா? பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து, முயல்போல் நடக்கிறதா? அப்படி நடந்தால் நரம்புகள் தாக்கப்பட்டிருக்கலாம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பாட்டிகள் சுகருக்கு அடையாளமாகச் சொல்வார்கள். அதை நம்பி உட்கார வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப் அதைவிடத் திடமாகச் சொல்லும். பூனையின் சிறுநீரகம் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250-ஐத் தாண்டும்வரை சர்க்கரையை வெளியே விடாது. வீட்டில், பதற்றமில்லாத வேளையில் எடுத்த சிறுநீரில் மீண்டும் மீண்டும் சர்க்கரை தெரிந்தால் சந்தேகம் கெட்டிப்படுகிறது. அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நோயைத் தூண்டிவிட்டதே அதுவாக இருக்கலாம்.

'சோற்றைக் குறைத்தால் சரியாகிவிடாதா?' என்று கேட்பவர்கள் பாதி சரியாகச் சொல்கிறார்கள். பூனை முழுக்க முழுக்க மாமிச பட்சிணி. அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது, இனிப்பின் ருசியும் அதற்குத் தெரியாது. பால்சோறும் தயிர்சாதமும் நம் அன்பின் அடையாளங்களே தவிர அதன் உணவல்ல. மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவு சிகிச்சையில் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஆனால் பட்டினி போடுவது வேறு விஷயம். பருத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மாற்றத்தை மெதுவாகச் செய்ய வேண்டும். தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

'கிழப்பூனைக்குத் தினம் இரண்டு ஊசி குத்தி வதைப்பானேன்?' என்பதுதான் கனமான ஆட்சேபம். செலவும் உண்டு, பன்னிரண்டு மணிக்கொரு முறை யாராவது வீட்டில் இருக்கவும் வேண்டும். இதை மறுப்பதில் நேர்மை இல்லை. ஆனால் மெல்லிய ஊசியால் தோளருகே தோலைத் தூக்கிக் குத்துவதைப் பெரும்பாலான பூனைகள் சட்டைசெய்வதில்லை. மாத்திரை விழுங்கவைப்பதுதான் பெரும்பாடு. அதைவிட முக்கியம், பூனைகளில் கணிசமானவை ஆரம்பத்திலேயே இன்சுலினும் சரியான உணவும் கிடைத்தால் சில மாதங்களில் இன்சுலின் தேவைப்படாத நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு தேய்கிறது. அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் பூனைகளுக்கென வாய்வழி மருந்துகள் அங்கீகாரம் பெற்றன. அவையும் எல்லாப் பூனைக்கும் ஒத்துவராது. இன்சுலின் போடும் வீட்டில் சிரிஞ்சையும் பார்க்க வேண்டும். சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கானது, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கானது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால், ஒன்று என்று நினைத்துப் போடுவது இரண்டரை யூனிட். பூனையின் உடலுக்கு அது வலிப்பு வரவைக்கும் அளவாகிவிடலாம்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடாதா என்றால், நன்றாகத் தின்று நடமாடும் பூனைக்கு நாலைந்து நாள் ஒன்றும் செய்யாது. தீனியைத் தொடாமல், வாந்தியெடுத்து, துவண்டு கிடந்தால், அல்லது மூச்சில் நகப்பாலிஷ் அகற்றும் திரவத்தின் வாடை வந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிக்கொண்டிருக்கலாம். அப்போது நோட்டுப்புத்தகத்தை மூடிவிட்டு அன்றிரவே கூடையைத் தூக்க வேண்டியதுதான்.